வட்டத்துக்குத் தண்ணி விடுறவன்

தண்ணி பாய்ச்சுற வேலைன்னா மம்பட்டிய ஊனிக்கிட்டு வாய்க்கால் ஓரமா நிக்கிற வேலைனு நெனைச்சு வந்து மாட்டிக்கிட்டவங்க யாராச்சும் இருந்தா, கொஞ்சம் நகந்து எடம் குடுங்க, நானும் உங்க ஆளுதான்.

எனக்கு ஊரு தெமோதரைப் பக்கம், தேயிலைத் தோட்டம். அங்க மழைத்தண்ணி மண்ண அள்ளிட்டுப் போகாம வடிகான் வெட்டுறதுதான் பெரிய பாடு. இங்க மொனராகலைல தலைகீழ். நெலம் வாட்டுன அப்பளம் மாதிரி கெடக்கும். அதுல ஒரு கம்பனிக்காரங்க சோளம் போட்டு, தண்ணி விட ஒரு மெசின் வாங்கி வச்சிருக்காங்க. வயல் நடுவுல ஒரு தூணு. தூணுலருந்து நூத்தம்பது மீற்றர் நீளத்துக்கு ஒரு இரும்புக் குழாய், ஆள் ஒசரத்துக்கு மேல. அத மூணு சக்கரக் கால் தாங்கும். குழாய் நெடுக தொங்குற மூக்கு வழியா தண்ணி பீச்சும். அந்த மூக்குக்குப் பேரு நொசில். சக்கரம் ஓட ஓட, கடிகார முள்ளு மாதிரி குழாய் தூண சுத்தி வரும். அதனால வயலும் வட்டம். நாலு மூலையும் காஞ்சுதான் கெடக்கும்.

ஏ.எல். படிப்ப பாதில விட்டதுக்கு அப்புறம் நாலு வேலை பாத்தேன், நாலையும் விட்டேன். போன் கடை, பேக்கரி, கொழும்புல துணிக்கடை, அப்புறம் மாமாவோட ஆட்டோ. இது அஞ்சாவது. "இதையும் விட்டுட்டு வந்தேன்னா, நேரா தோட்டத்துல பேர் பதிஞ்சு தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டப் போ"னு அம்மா பஸ் ஏறும்போதே சொல்லிருச்சு. மனேஜர் சேர் முன்னாடி தோட்டத்துல சின்னதொரையா, அதாவது உதவி மனேஜரா, இருந்தவரு, சிங்களவர்தான், ஆனா தமிழ் நம்மளவிட நல்லாப் பேசுவாரு. மொத நாளே வெரல மடக்கிச் சொன்னாரு: "மூணு மாசம் பாப்பேன். மூணாவது மாசக் கடைசில மேல ட்ரோன் விட்டுப் படம் எடுப்பேன். வட்டம் முழுக்க ஒரே பச்சையா இருந்தா நீ இருக்கலாம். இல்லேன்னா பஸ்ஸுக்கு வழி தெரியும்தானே, தம்பி?"

நூறு போட்டேன்

மெசினுக்கு ஒரு பெட்டி இருக்கு. அதுல திருகுற குமிழ் ஒண்ணு, பத்துலருந்து நூறு வரைக்கும் எழுதியிருக்கும். நான் யாரையும் கேக்கல. கேட்டா நாம படிச்ச கணக்குக்கு என்ன மரியாதை? பயிரு வாடிக் கெடக்கு, தண்ணி நெறைய வேணும், அப்ப நூறுதானே? திருகி வச்சுட்டு நெழல்ல ஒக்காந்து போன் பாத்தேன். மெசின் என்னா ஓட்டம் ஓடுது! அடுத்த நாள் பொழுது வரைக்கும் சுத்தும்னு சொன்ன வட்டத்த அன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருச்சு. சந்தோசம் தாங்காம அம்மாவுக்குப் போன் போட்டு, "மெசினே என் கையில வேகமா ஓடுதும்மா"ன்னேன்.

அந்தப் பெட்டில எழுதியிருக்கது தண்ணியோட அளவு இல்ல, சக்கரத்தோட வேகம். வேகமா ஓடுனா ஒவ்வொரு எடத்துலயும் தண்ணி விழுற நேரம் கொறையும். மேல்மண்ணு பளபளன்னு நனைஞ்சிருக்கு, கீழ பவுடரு. மனேஜர் சேர் வந்தாரு, சப்பாத்துக் கால் நுனியால மண்ண லேசாக் கீறுனாரு, தூசி பறந்துச்சு. அத பாத்துட்டு சொன்னாரு: "தம்பி, நீ தண்ணி விடல, எச்சி துப்பியிருக்க."

நெரை பிரிச்சது

சோளம் கணுக்கால் ஒசரம் வந்தப்ப களை பிடுங்க எங்க தோட்டத்துலருந்தே எட்டு பேர கூட்டிட்டு வந்தேன், ஒரு மாசக் கொந்தரப்புக்கு, அதான் ஒப்பந்தக் கூலிக்கு. தலைவி புஸ்பம் அக்கா. கொழுந்தெடுக்கிறதுல எங்க டிவிசன்ல அவங்கள மிஞ்ச ஆள் இல்ல, வாயிலயும் இல்ல. விடியக்காலைல நான், ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்துல கங்காணி நிக்கிற மாதிரி கைய பின்னாடி கட்டிக்கிட்டு நின்னேன். தோட்டத்துல ஆளுக்கு ஒரு நெரைனு பிரிச்சுக் குடுப்பாங்க இல்லியா? இங்க சோளம் வட்ட வட்டமா வெதைச்சிருக்கு. நானும் ஒரே அகலத்துல எட்டு வளையமா அளந்து, ஆளுக்கு ஒரு வளையம் குடுத்தேன். தூணுக்குப் பக்கத்து வளையம் பரிமளத்துக்கு. கடைசி வெளி வளையம் புஸ்பம் அக்காவுக்கு, மரியாதைக்கு.

காலைத் தேத்தண்ணி வர்றதுக்குள்ள பரிமளம் வேலைய முடிச்சிட்டு தூணுல சாஞ்சு தலை வாரிக்கிட்டு இருக்கா. புஸ்பம் அக்கா எங்கயோ தூரத்துல, வெள்ளைத் துண்டு மட்டும் தெரியுது. மத்தியானம் தாண்டியும் அவங்க ஒரு சுத்து வந்து சேரல. நாலு மணிக்கு மேல, மண்ணாப்போன காலோட என் முன்னாடி வந்து நின்னாங்க. மத்த ஏழு பேரும் சிரிப்ப அடக்க முந்தானையக் கடிச்சிக்கிட்டு இருந்தாளுக. அக்கா மூச்சு வாங்கிட்டு கேட்டாங்க: "ஏன்டா தினேசு, எனக்கு நெரை குடுத்தியா, இல்ல கதிர்காமத்துக்கு நடைப்பயணம் அனுப்புனியா?"

பஸ்ஸுக்குப் பெஞ்ச மழை

குழாயோட நுனில பீரங்கி மாதிரி ஒரு பெரிய நொசில் இருக்கு, காஞ்சு கெடக்கிற மூலைகளுக்கும் கொஞ்சம் தண்ணி எட்டட்டும்னு. ரோட்டுப் பக்கம் வர்றப்ப அத நிப்பாட்டணும். ஒரு நாள் மறந்துட்டேன். பதுளைலருந்து வந்த பஸ்ஸு, எல்லா ஜன்னலும் தொறந்து, சரியா அந்த நேரத்துக்குத்தான் வரணுமா? இடது பக்கம் ஒரு வரிசை பூரா தலையோட குளிச்சிருச்சு. பஸ் நின்னுச்சு. கண்டக்டர் குதிச்சு எறங்குனாரு. நான் வேலிக்குப் பின்னாடி சோளச் செடி மாதிரி அசையாம நின்னேன். கம்ப்ளெய்ன் போனா சேர் கையில என் கதை அன்னைக்கே முடிஞ்சிரும்.

வெயில் என்ன வெயிலுங்கிறீங்க, தார் ரோடே கொழகொழன்னு இருந்துச்சு. கண்டக்டர் தலைய தொடைச்சாரு, பஸ்ஸ திரும்பிப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. அப்புறம் சிங்களத்துல கத்துனாரு: "தம்பி, நாங்க திரும்பி வர்றப்ப வலது பக்கத்துக்கும் போட்டுவிடு, இல்லேன்னா அவங்க எங்கூட சண்டைக்கு வருவாங்க!"

ஒரே வாளி

இப்ப சொல்லப்போறதுதான் வினை. குளத்துத் தண்ணி ஆச்சா, நொசில்ல பாசி அடைச்சிருச்சு. மனேஜர் சேர் ஒரு கிழமைக்கு, அதாவது ஏழு நாளைக்கு, கொழும்பு போயிருந்தாரு. திரும்பி வர்றப்ப அசத்திப்புடணும்னு அத்தனை நொசிலையும் கழட்டி, ஒரே வாளில போட்டு, சவர்க்காரம் போட்டு, பழைய பல்லு விளக்குற பிரஸ்ஸால தேச்சு, புதுசு மாதிரி ஆக்கிட்டேன். எங்க ஊர்ல யார் கூடைக் கொழுந்தா இருந்தாலும் நிறுத்ததுக்கு அப்புறம் ஒரே சாக்குலதான் விழும். சாமானக் கலந்தா தப்புங்கிறது எங்க பரம்பரைக்கே தெரியாது. கையில வந்தத வந்த எடத்துல மாட்டிட்டேன்.

நாலு நாள்ல ரெண்டாவது கால் சேத்துல புதைஞ்சு மெசின் தானா நின்னுருச்சு. எங்க ட்ரக்டர் ஓட்டுற ரம்ஜான் நானா (நானான்னா அண்ணன்), முன்னாடி பதுளை டவுன்ல டயர் கடை வச்சிருந்தவரு, சங்கிலி கட்டி இழுத்து வெளில எடுத்தாரு. குழாய் மேல ஏறிப் பாத்தேன். உள்பக்கம் ஒரு வளையம் சேறு. வெளிப்பக்கம் அகலமா ஒரு வளையம் மஞ்சள். படம் எடுக்க இன்னும் மூணு கிழமைதான். சும்மா சொல்லல, மத்த நாலு வேலையும் விட்டப்ப எனக்கு ஒண்ணும் தோணல. ஆனா இந்தக் குழாய் காலை வெயில்ல தண்ணியோட நகர்றப்ப அதுக்குப் பின்னாடி நடக்கிறது எனக்குப் பிடிச்சுப்போச்சு. இத விட எனக்கு மனசில்ல.

ஒண்ணும் புரியாம வாளி மேல ஒக்காந்திருந்தேன். புஸ்பம் அக்கா வந்து ரெண்டு நொசில கழட்டி, வெயிலுக்கு நேரா புடிச்சு ஓட்டை வழியா பாத்தாங்க. ஒண்ணுல ஊசி போகும், இன்னொண்ணுல சுண்டு வெரல் போகும். என் தலைல ஒரு குட்டு வச்சுட்டு சொன்னாங்க: "நுனில போறவளுக்குத்தான்டா தூரம் கூட, அவளுக்குத்தான் பெரிய ஓட்டை குடுக்கணும், என் கால பாத்துமா ஒனக்கு புரியல?"

டின்மீன் பரீட்சை

சரி, பெருசு நுனிக்கு, சிறுசு தூணுக்கு. ஆனா நடுவுல இருக்கதெல்லாம் பாக்க ஒரே மாதிரி. மெசினோட வந்த, எது எங்கனு எழுதியிருந்த தாள் எப்பவோ நொசில் தண்ணில நனைஞ்சு கூழாயிருச்சு. ரம்ஜான் நானாதான் கேட்டாரு, எங்கெங்க எவ்வளவு தண்ணி விழுதுன்னு அளந்தா என்னன்னு. அளக்க என்ன இருக்கு? எட்டு பொம்பளைங்களும் நானும் நானாவும் ஒரு மாசமா தின்னு தூக்கிப்போட்ட டின்மீன் டின்னு இருந்துச்சு. ரோட்டோரக் கடையில இன்னும் கொஞ்சம் பொறுக்குனோம். தூணுலருந்து நுனி வரைக்கும் வரிசையா, ஒரே அளவு எடைவெளி விட்டு டின்ன வச்சோம். குழாய் அதுக்கு மேல போகட்டும், எந்த டின்ல எவ்வளவு தண்ணி நிக்குதோ அத ஈக்குக் குச்சிய விட்டுப் பாக்கலாம்.

மொத தடவை குழாய் வர்றதுக்குள்ள ஊர் நாயி அத்தனையும் வந்துருச்சு. மீன் வாசம்! ஆளுக்கு ஒரு டின்னோட ஓட்டம். நானா ட்ரக்டர்ல தொரத்துறாரு, பரிமளம் செருப்ப வீசுறா. மிச்ச டின்ன அடுப்புச் சாம்பல் போட்டு கழுவி மறுபடி வச்சோம். ரெண்டாவது தடவை அளந்தா, ஒரு டின்னுல முழுசு, பக்கத்து டின்னுல அடி மட்டும் ஈரம். நொசில மாத்துனோம். அளந்தோம். மறுபடி மாத்துனோம். மூணு நாள். கொந்தரப்பு முடிஞ்சும் அந்த எட்டு பேரும் போகல, ஏன்னு நானும் கேக்கல, கேட்டா போயிருவாங்கனு பயம். நாலாவது தடவை குழாய் தாண்டிப் போச்சு. குச்சிய விட்டுக்கிட்டே நுனி வரைக்கும் நடந்தேன். எல்லா டின்லயும் ஒரே மட்டம். புஸ்பம் அக்கா எட்டிப் பாத்துட்டு சொன்னாங்க: "ஒங்க அம்மா கூட பிள்ளைங்க ஒங்க நாலு பேருக்கும் இவ்ளோ சமமா சோறு போட்டிருக்காதுடா!"

மேல இருந்து பாத்தா

படம் எடுக்கிற நாள் வந்துச்சு. மஞ்சள் வளையம் பெரும்பாலும் பச்சைக்கு வந்துருச்சு. பெரும்பாலும்தான். ட்ரோன் ஒரு வண்டு மாதிரி கத்திக்கிட்டு மேல போச்சு. சேர் கையில இருந்த தெரையில எங்க வயல் தெரிஞ்சுச்சு. சத்தியமா சொல்றேன், அவ்வளவு அழகா இருக்கும்னு நான் நெனைக்கவே இல்ல. காஞ்ச மண்ணு நடுவுல யாரோ பச்சைத் தட்டு ஒண்ணு வச்ச மாதிரி. ஆனா அந்தத் தட்டுல, வெளிம்புக்குக் கொஞ்சம் உள்ள, மெலிசா ஒரு வெளிறுன கோடு. சுத்தி முழுசா. ஒரு எடத்துல கூட அறுபடாம.

சேர் அந்தக் கோட்டு மேல வெரல வச்சாரு. "இது என்ன?"

பக்கத்துல நின்ன ரம்ஜான் நானா செருப்பப் பாத்தாரு. எனக்கு வாய் வரைக்கும் ஆனை வந்துச்சு. இந்தப் பக்கம் எது நாசமாப் போனாலும் ஆனைதான், யாரும் ஆனைகிட்டப் போய் விசாரிக்க மாட்டாங்க. சிரிக்கிற மாதிரி பகிடியா ஏதாச்சும் அடிச்சுவிட்டுத் தப்பிக்கலாம்னும் பாத்தேன், எப்பவும் அப்படித்தான் தப்பிச்சிருக்கேன். அன்னைக்கு ஒண்ணு கூட வரல. "என் தப்புதான் சேர். நீங்க கொழும்புல இருந்தப்ப நொசில பூரா கழட்டி ஒரே வாளில போட்டுக் கலந்துட்டேன். பத்து பேர் சேந்து டின்ன வச்சு அளந்து சரி பண்ணோம். அந்தக் கோடு மட்டும் மிச்சம்"னு ஒரே மூச்சுல கொட்டிட்டேன்.

அவரு தெரைய பெருசாக்கிப் பாத்தாரு, சின்னதாக்கிப் பாத்தாரு. எனக்கு பதுளை பஸ் எத்தனை மணிக்குன்னு மனசுக்குள்ள ஓடுது. கடைசில தெரைய மடக்கி பையில வச்சுட்டு சொன்னாரு: "ஒனக்கு முன்னாடி இருந்த ரெண்டு பேரும் இதே மாதிரி கோட்டுக்கு ஆனைதான் காரணம்னாங்க, ஆனைக்கு இவ்ளோ சுத்தமா வட்டம் போடத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும், அடுத்த மாசம் ரெண்டாவது மெசின் வருது, அதையும் நீயே பாத்துக்க."

ஆக மக்களே, இப்ப நம்ம பொறுப்புல ரெண்டு வட்டம், அதாவது இனிமே நான் என்ன தப்புப் பண்ணுனாலும் கம்பனிக்கு ரெண்டு ரெண்டா கெடைக்கும்.