கோமதி மேடம் விடாமல் அடித்த வரி

சாகண் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது சட்டைப் பையில் செல்பேசி அதிர்ந்தது. நகரில் வானவடி பகுதியிலிருந்து கோமதி மேடத்தின் பக்கத்து வீட்டுக்காரர் அனுப்பிய குறுஞ்செய்தி. மேடம் அன்று விடியற்காலை தூக்கத்திலேயே காலமாகிவிட்டாராம். இரண்டு முறை படித்தேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் புதிதாகச் சேர்ந்த இளம் பொறியாளர்கள். அவரை அறிந்தவர் ஒருவரும் இல்லை. செல்பேசியைப் பையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கோமதி மேடம் எங்கள் தொழிற்சாலையில் ஸ்டெனோகிராபராக இருந்தவர். நான் வடிவமைப்புப் பிரிவில் இருக்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் மூளைக்காய்ச்சல் வந்து எனக்கு இரண்டு காதும் போயின. வேலைக்குத் திரும்பியபோது வரைபடம் போடுவதில் எந்தச் சிரமமும் இல்லை. மீட்டிங்தான் சிரமம். இந்தி, மராத்தி, ஆங்கிலம் மூன்றும் கலந்து ஓடும் பேச்சில் உதட்டைப் பார்த்து எதைப் பிடிப்பது? இரண்டு மணி நேரம் வாய்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு வாரம் கழித்து ஒரு பக்கக் குறிப்பு வரும். மதியம் சாப்பிடவும் தனியாகப் போகத் தொடங்கினேன்.

அடுத்த ஆண்டு மேடம் எங்கள் பிரிவுக்கு மாற்றலாகி வந்தார். மீட்டிங்கில் குறிப்பெடுப்பது அவர் வேலை. சில வாரங்கள் என்னைக் கவனித்திருக்கிறார் போலும். ஒரு நாள் தம் கம்ப்யூட்டரைத் தள்ளுவண்டியில் வைத்து மீட்டிங் அறைக்குக் கொண்டுவந்தார். அதில் இன்னொரு திரையை இணைத்து என் முன்னால் வைத்தார். யார் எந்த மொழியில் பேசினாலும் அது ஆங்கிலத்தில் வரிவரியாக என் திரையில் ஓடியது. இரண்டு மூன்று எழுத்தை அடித்தால் முழுச் சொல்லாக விரியும்படி எங்கள் தொழிலின் சொற்களையெல்லாம் வீட்டுப்பாடம் போல உட்கார்ந்து முன்பே ஏற்றிவைத்திருந்தார். அன்று யாரோ சொன்ன நகைச்சுவையையும் விடவில்லை. எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு நான் மட்டும் சிரித்தேன். அறையே திரும்பிப் பார்த்தது. திரையில், “சிரிங்க, ஒண்ணும் தப்பில்ல” என்று வந்தது.

எங்களுக்குள் பேசவேண்டியதை ஆங்கில எழுத்தில் தமிழாக அடிப்பார். “சொல்லுதேன்”, “வருதேன்” என்று வரும். அவர் குரலை நான் கேட்டதே இல்லை. திருநெல்வேலிக்காரர் என்பதை அந்த எழுத்துகளில்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு முறை நாங்கள் அனுப்பிய பாகங்கள் மொத்தமாகத் திரும்பி வந்தன. துளையின் அளவு தவறு. வரைபடம் என்னுடையது. அன்றைய மீட்டிங்கில் உற்பத்திப் பிரிவினர், அளவு மாறியதைப் போன மாதமே சொல்லிவிட்டோம் என்றார்கள். பிறகு மேலாளர் பேசினார். திரையில் வந்தது: “காது கேட்காத ஆளை எதற்கு டிசைனில் வைத்திருக்கிறோம்? ஸ்டோருக்கு அனுப்புங்கள்.” அடுத்த வரி: “மேடம், இதை அடிக்க வேண்டாம்.” அதையும் அடித்திருந்தார். அதன் கீழே தமிழில், “வாசிச்சாச்சா? பதில் சொல்லுங்க.”

எழுந்து நின்றேன். என் குரல் எவ்வளவு உயர்ந்ததோ தெரியாது. “சார், நான் இங்கேதான் இருக்கேன். என்னையே கேளுங்க” என்று இந்தியில் சொன்னேன். போன மாதம் மேடம் விடுப்பில் இருந்த வாரத்தில்தான் அந்தப் பேச்சு நடந்திருக்க வேண்டும், எழுத்தில் எனக்கு எதுவும் வரவில்லை என்றேன். பழைய குறிப்பை எடுத்துப் பார்த்தார்கள். அளவு மாற்றம் அதில் இல்லை.

நான் டிசைனிலேயே இருந்தேன். மேடத்தைத்தான் டெஸ்பாட்ச் பிரிவுக்கு மாற்றினார்கள். எட்டு மாதம் மறுபடியும் வாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலாளர் மாறிய பிறகே அவர் திரும்பி வந்தார். “அந்த ஒரு வரிய விட்டிருக்கலாமே மேடம்” என்றேன். அவர் அடித்த பதில் இன்றும் நினைவிருக்கிறது: “ஒரு வரிய நான் விட்டா, பொறவு எத விட்டேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? எல்லாத்தயும் சந்தேகப்படணும்லா.”

அதன் பிறகு அவர் ஓய்வு பெறும்வரை ஒரு மீட்டிங்கும் எனக்கு ஊமைப்படமாக இருந்ததில்லை.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. ராணுவத்தில் இருந்த அண்ணன் இறந்த பிறகு வானவடி ஃபிளாட்டில் தனியாக இருந்தார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போவேன். நான் பேசுவேன், அவர் அடிப்பார். “நீங்க வார அன்னைக்குத்தான் தமிழ்ல பேசுதேன்” என்று ஒரு முறை அடித்தார். கடைசியாகப் போனபோது விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாக அடித்தார்: “இன்னைக்கு நீங்களே பேசுங்க. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்.” ஒரு மணி நேரம் பேசினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் குடியிருப்பின் கூடத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். ஐந்தாறு பேர் பேசினார்கள். ஒரு பெண்மணி அழுதார். மேடத்தைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் என் தோளைத் தொட்டு முன்னால் கைகாட்டினார். போய் நின்று தமிழில் பேசினேன். அங்கே அது யாருக்கும் புரிந்திருக்காது. இங்கே எழுதியதில் பாதியைத்தான் சொல்லியிருப்பேன். முடிக்கும்வரை ஒருவரும் அசையவில்லை.

நன்றி மேடம். போய் வாருங்கள்.