கவிழ்த்து வைத்த கோப்பைகள்

அமெரிக்காவின் விஸ்கான்சினில், எங்கள் கத்தோலிக்கப் பங்கில், தவக்கால வெள்ளிக்கிழமைகளில் மீன் விருந்து. பத்தொன்பது வருடங்களாக அங்கே பீர் ஊற்றுபவர் மார்லீன். தவக்காலத்தில் நாங்கள் இறைச்சியை விடுவோம், சாக்லேட்டை விடுவோம். பீரை யாரும் விட்டதில்லை.

இந்த வருடம் மார்லீன் பங்குப் பேரவையில் எழுந்து நின்றார். அவருடைய மகன் கர்ட் குடியை விட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது.

"ஒரே ஒரு வெள்ளிக்கிழமை பீர் வேணாமே. அவனும் வந்து எல்லாரோடயும் உக்காந்து சாப்பிடட்டும்."

"பீர் இல்லாம மீன் எப்படி உள்ள போகும், மார்லீன்? நீந்த வேணாமா?" என்றார் பேரவை உறுப்பினர் ஹெர்ப். எல்லோரும் சிரித்தார்கள். மார்லீனும் சிரித்து வைத்தார்.

ஆனாலும் கர்ட் வந்தான். அம்மாவின் கண்ணில் படுகிற நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தான்.

எங்கள் ஊரில் ஒருவருக்குக் குடிக்க வாங்கிக் கொடுத்தால், அவர் முன்னால் காலிக் கோப்பையைக் கவிழ்த்து வைப்போம். வேண்டும்போது அவர் நிமிர்த்திக்கொண்டு போய் நிரப்பிக்கொள்ளலாம். மறுப்பது மரியாதையில்லை.

ஹெர்ப்தான் முதலில் வைத்தார். "வந்துட்டியாடா! எவ்வளவு தேடினோம் தெரியுமா?" அப்புறம் அவனுடைய ஞானத்தாய். அப்புறம் கால்பந்துப் பயிற்சியாளர். தோளைத் தட்டித் தட்டி ஏழு கோப்பைகள். ஒருவர் மனதிலும் கெடுதல் இல்லை. அன்பைக் காட்ட எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை. நான் போய் அவற்றை அள்ளியிருக்கலாம். எண்ணெயில் மீனைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

கர்ட் ஒரு கோப்பையை நிமிர்த்தினான். வரிசையில் வந்து நின்றான்.

"பீர் தீர்ந்துடுச்சு," என்றார் மார்லீன்.

"அம்மா, பின்னால ஆளுங்க நிக்கறாங்க."

"தீர்ந்துடுச்சுன்னு சொன்னேன்ல."

"பெத்த பிள்ளைகிட்டயே கஞ்சத்தனமா?" என்றது வரிசையில் ஒரு குரல். சிரிப்பு பரவியது. கர்ட்டின் காதுகள் சிவந்தன.

பக்கத்துப் பீப்பாயில் புதிதாக வந்திருந்த ஃபாதர் ஜெரால்ட் நின்றிருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது. "இங்க வாப்பா, நான் ஊத்தறேன். வீடு திரும்பின பிள்ளைய வெறுங்கையோட அனுப்பலாமா?"

நுரை வழிய ஊற்றினார்.

கர்ட் நின்றபடியே குடித்தான். மார்லீன் குழாயிலிருந்து கையை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு, அடுத்த கோப்பையை எடுக்க மேசைக்கு நடந்தான்.

"எனக்காவது இருக்கா, இல்ல தீர்ந்துடுச்சா?" என்று கோப்பையை நீட்டினார் ஹெர்ப்.

மார்லீன் ஊற்றினார்.