உப்புக்கு முன்னால் எடுத்த டப்பா

எங்கள் தொழிற்சாலை கேன்டீனில் அக்காவுக்குப் பெயர் பெரிய கரண்டி. வைத்தது நான்தான். ஆள் என் தோள் உயரம்கூட இருக்க மாட்டாள், ஆனால் கையில் பிடித்திருக்கும் கரண்டி அவளைவிட உயரமாக நிற்கும். அண்டாவுக்குள் அவள் துழாவுவதைத் தூரத்திலிருந்து பார்த்தால் அவள் கரண்டியைப் பிடித்திருக்கிறாளா, கரண்டி அவளைப் பிடித்திருக்கிறதா என்று சந்தேகம் வரும். நான் பின்பக்கம் உட்கார்ந்து காய் நறுக்குகிறவள். எனக்கு அவள் வைத்த பெயர் வாயாடி. ஆக, பழிக்குப் பழி தீர்ந்துவிட்டது.

அவள் சமையலில் ஒரு முறை உண்டு. அண்டாவில் அரிசியும் பருப்பும் காயும் ஒன்றாக வெந்து கூடிவரும்போது, உப்பு போடுவதற்கு முன்னால், அடுப்புக்கு மேலே இருக்கும் பலகையிலிருந்து ஒரு டிபன் டப்பாவை எடுப்பாள். மூடி ஒரு பக்கம் நசுங்கின ஸ்டீல் டப்பா. அதில் கொஞ்சம் மொண்டு ஊற்றி, நசுங்கின பக்கத்தை உள்ளங்கையால் ஓங்கித் தட்டி மூடுவாள். எக்ஸாஸ்ட் ஃபேன் போடும் கூச்சலையும் மீறி அந்தத் தட்டு எனக்குக் கேட்கும். டப்பாவைப் பலகையில் வைத்த கையோடு உப்பு டின்னுக்குள் கையை விடுவாள். மூன்று கை அள்ளி அண்டாவில் போட்டு ஒரு கிளறு. ருசி பார்க்க மாட்டாள். பார்க்க வேண்டிய தேவையும் வந்ததில்லை.

அந்த டப்பா மாமாவுக்கு. மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர், கம்பெனி லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். சிறுநீரகம் கெட்டுப்போய் வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். உப்பை நாக்கில் வைக்கக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். விடியும் முன்பே அடுப்பு மூட்ட வருகிறவள் வீட்டில் எப்போது தனியாக உலை வைப்பாள்? கேன்டீன் மேனேஜர் நல்ல மனதோடு, ஒரு டப்பாதானே, எடுத்துக்கோம்மா என்றார். அன்றிலிருந்து இதுதான் வழக்கம். மதியப் பந்தி முடிந்ததும் அக்கா டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். தொழிற்சாலைச் சுவருக்குப் பின்னால் இரண்டு தெரு தாண்டினால் வீடு. பிள்ளைகுட்டி கிடையாது. மாமா அதுவரை பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் தொடாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பார்.

அக்கா கேன்டீனில் ஒரு வாய்கூடச் சாப்பிட்டதில்லை. வீட்டுக்குப் போய் அதே டப்பாவிலிருந்து அவளும் சாப்பிடுவாள்.

"நீ எதுக்குக்கா உப்புச் சப்பில்லாம திங்கிற? உனக்கு என்ன கேடு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவரு எதுத்தாப்ல உக்காந்து நான் மட்டும் உப்பு போட்டுத் தின்னா தொண்டைல இறங்குமாடி?" என்றாள்.

நானூறு பேருக்கு உப்பு போடுகிறவளுக்கு உப்பு எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. அந்த மூன்று கையும் அவள் நாக்கு போட்ட கணக்கு இல்லை, கை போட்ட கணக்கு.

தினமும் காலையில் வந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, "மாமா நேத்து என்ன சொன்னாரு?" என்பதுதான். பதில் எனக்குத் தெரியும். இருந்தாலும் அவள் வாயால் கேட்க வேண்டும். மாமா முதல் கவளத்தை வாயில் போட்டு, கண்ணை மூடி, பெரிய சமையல் போட்டிக்கு நீதிபதியாக வந்தவர் மாதிரி தலையை ஆட்டி, "இன்னிக்கு உப்பு சரியா இருக்கு" என்பாராம். அக்கா, "பொய்க்கும் ஒரு அளவு வேணும்" என்பாளாம். அதற்கு அவர் சிரிப்பாராம். வருஷக்கணக்காக இதே கூத்து. இதை என்னிடம் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், நேற்றுதான் கல்யாணம் ஆனவள் மாதிரி இருக்கும்.

எங்கள் ஹாலில் அவளிடம் யாரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை, அதையும் சொல்ல வேண்டும். சாப்பாடு நன்றாக இருந்தால் தட்டு காலியாகும், ஆட்கள் எழுந்து போய்விடுவார்கள். குறை இருந்தால்தான் வாய் திறக்கும். அவள் சமைத்ததைப் பாராட்டின ஒரே ஆள் மாமா. அந்த ஒரே பாராட்டும் பச்சைப் பொய்.

நடுவில் ஒரு தடவை, தொழிலாளிகளுக்கு ஊக்கம் கொடுக்கிறேன் என்று கம்பெனிக்காரர்கள் கோட்டு போட்ட ஒருவரைக் கூட்டிவந்தார்கள். எங்களையும் கை கழுவச் சொல்லி ஹாலில் உட்கார வைத்தார்கள். அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, காலையில் எதற்காகக் கண் விழிக்கிறீர்கள், உங்கள் வாழ்க்கையின் நோக்கம் என்ன என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். அக்காவின் முறை வந்தது. எழுந்து நின்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "வீட்டுக்காரருக்குச் சாப்பாடு கொண்டு போகணுங்க" என்றாள். ஹாலே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, அது கடமைதான், நோக்கம் என்றால் இன்னும் பெரிதாக இருக்க வேண்டும், யோசியுங்கள் அம்மா என்றார். அக்கா சரிங்க என்று உட்கார்ந்துவிட்டாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. இதைவிடப் பெரிதாக அவரிடம் என்ன இருந்தது என்று கேட்க வாயெடுத்தேன். அக்கா என் தொடையில் கிள்ளினாள்.

மாமா ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். எதிர்பார்த்ததுதான், ஆனால் எதிர்பார்த்து என்ன ஆகப்போகிறது. அக்கா சாவு வீட்டில் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள், டீ போட்டுக் கொடுத்தாள். யாரோ, நெஞ்சழுத்தக்காரி என்று முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. அந்த அம்மாளை நான் பார்த்த பார்வையில் அவள் இடம் மாறி உட்கார்ந்தாள்.

சீக்கிரமே அக்கா வேலைக்குத் திரும்பினாள். அன்றைய சாப்பாட்டில் உப்பே இல்லை. துக்கத்தில் வந்திருக்கிறாள் என்று ஹாலில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, மேஜை மேல் இருந்த உப்புக் கிண்ணத்தைக் கைமாற்றிக்கொண்டு சாப்பிட்டார்கள். அடுத்த நாள் வாயில் வைக்க முடியாத கரிப்பு. அதற்கடுத்த நாள் மறுபடியும் சப்பென்று இருந்தது. எத்தனை நாளுக்குத்தான் பொறுப்பார்கள்? வியர்க்க வியர்க்க மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவர்களுக்குப் பசி பொல்லாதது. தட்டுகள் அப்படியே திரும்பி வந்தன. மிஞ்சினதைக் கொட்டும் டிரம் நிரம்பி வழிந்தது.

மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கு மேலே இருப்பவர்கள் அவரை வறுத்தெடுத்திருந்தார்கள்.

"என்னம்மா இது? சோத்துல உப்பு போட்டுத்தானே சாப்பிடுற?" என்று கத்திவிட்டார்.

"இல்லைங்க சார்" என்றாள் அக்கா. அவளுக்கு அவர் திட்டினது உறைக்கவே இல்லை, கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள்.

மேனேஜருக்கு முகம் செத்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, இன்னும் ஒரு தடவை தப்பினால் அடுப்புக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவேன், நீ பாத்திரம் கழுவுகிற பக்கம் போய்விட வேண்டும், என் கையில் எதுவும் இல்லை என்றார்.

அக்கா பின்பக்கம் வந்து என் பக்கத்தில் காய்கறி மூட்டை மேல் உட்கார்ந்தாள். "அதுவும் நல்லதுதான்" என்றாள்.

"எது? எச்சில் தட்டு கழுவுறதா?"

"அதுக்கும் வரப்போறதில்லடி. காலைல அலாரம் அடிக்குது. அதை நிறுத்திட்டுப் படுத்தே கிடக்கேன். எதுக்கு எந்திரிக்கணும்னு பாக்குறேன், ஒண்ணும் தோண மாட்டேங்குது. அந்தக் கோட்டுக்காரரு யோசிக்கச் சொன்னாரே, யோசிச்சிருக்கணும் போல."

அடுப்பை விட்டால் இவள் வீட்டை விட்டு வெளியே வர மாட்டாள், வராவிட்டால் கொஞ்ச நாளில் ஆளே இருக்க மாட்டாள். அது மட்டும் எனக்குப் பளிச்சென்று தெரிந்தது.

மறுநாள் நான் கத்தியையும் காயையும் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கே போய் உட்கார்ந்தேன். ஆவியில் கண் எரிந்தது. அண்டா கொதித்துக் கூடிவந்தது. அக்காவின் கை மேலே பலகைக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. கை கொஞ்ச நேரம் வெறும் பலகையைத் தடவிவிட்டுக் கீழே இறங்கியது. அவள் கரண்டியை எடுத்து ஒரு கிளறு கிளறிவிட்டு அடுத்த அடுப்புக்கு நகர்ந்தாள். உப்பு டின் திறக்கவே இல்லை.

"அக்கா, உப்பு?" என்றேன்.

"போட்டேனே" என்றாள். அப்புறம் சந்தேகமாக அண்டாவைப் பார்த்தாள். "போடலையா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் உப்பு போட்டதே டப்பாவை வைத்துத்தான். டப்பா எடுத்தாச்சு, மூடியைத் தட்டியாச்சு, இனி உப்பு. டப்பா நின்றதும் உப்புக்கு அண்டாவில் இடம் தெரியாமல் போய்விட்டது. ஒருநாள் மறந்தாள், ஒருநாள் மறந்துவிட்டோமோ என்று இரண்டாம் தடவை போட்டாள். நாக்கில் வைத்துப் பார்த்தாலும் உப்பு மறந்துபோன நாக்கு என்ன சொல்லும்? அன்றைக்கு நானே எழுந்து மூன்று கை போட்டேன். என் கை அவள் கையைவிடப் பெரிசு. கொஞ்சம் கரித்தது, ஆனாலும் தப்பித்தோம்.

"அந்த டப்பா எங்கக்கா?"

"பீரோல இருக்கு. புடவைக்கு அடியில."

"நாளைக்கு எடுத்துட்டு வா."

"யாருக்குடி எடுக்கிறது?"

"எனக்கு எடு."

"உனக்கு என்ன நோயாம்?"

"நாக்குல நோய். நீதான் தினமும் சொல்றியே."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

டப்பா வந்தது. பலகையில் பழைய இடத்தில் உட்கார்ந்தது. அண்டா கொதித்ததும் அக்காவின் கை மேலே போய் அதை எடுத்தது. மொண்டு ஊற்றினாள். மூடியைத் தட்டும்போது மட்டும் கை அந்தரத்தில் கொஞ்சம் நின்றது. நான் காயைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டேன். தட்டின சத்தம் கேட்டது. பிறகு உப்பு டின் திறந்தது. நான் நிமிராமலே எண்ணினேன், மூன்று கை.

அன்று மதியம் ஹாலில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தட்டுகள் காலியாக வந்தன. மேனேஜர் கதவோரம் நின்று டிரம்மை எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார்.

பந்தி முடிந்ததும் டப்பாவைக் கேட்டேன். இங்கேயே தின்றுவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

"வீட்டுக்கு வா" என்றாள். "அதை இங்க வெச்சுத் தின்னு பழக்கமில்ல."

சாவுக்குப் பிறகு, மாமா இருந்த அறைக்குள் நான் அன்றுதான் நுழைந்தேன். கட்டில் சுவரோரமாகத் தள்ளிக் கிடந்தது. ஜன்னலைப் பார்த்துத் திருப்பிப் போட்ட நாற்காலி அப்படியே இருந்தது, அதன் முதுகில் ஒரு துண்டு. மருந்துச் சீட்டுகள், பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, ஒரு டம்ளர், எதையும் அவள் அப்புறப்படுத்தவில்லை. அக்கா தரையில் இரண்டு தட்டு வைத்தாள். டப்பாவைத் திறந்து இரண்டிலும் சரிபாதியாகப் போட்டாள்.

"கடைசி நாளு ஒரு வாய்தான் வாங்கினாரு" என்றாள், தட்டைப் பார்த்துக்கொண்டே. "கண்ணை மூடினாரு. சொல்லப் போறாருன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஒண்ணும் சொல்லல. அன்னிக்கு உப்பு சரியில்ல போல."

சொல்லிவிட்டு அதை ஒரு வேடிக்கை மாதிரி ஆக்கப் பார்த்தாள். உதடு ஒத்துழைக்கவில்லை. சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தேன்.

அதை எப்படிச் சொல்ல? வெந்த காய் இருந்தது, பருப்பு இருந்தது, சூடு இருந்தது, சாப்பாடு மட்டும் இல்லை. நனைந்த காகிதத்தை மெல்லுகிற மாதிரி இருந்தது. இதையா இந்த இரண்டு பேரும் இத்தனை வருஷம், நாள் தவறாமல், எதிரெதிரே உட்கார்ந்து தின்றார்கள்? இதைத் தின்றுவிட்டா அந்த மனிதர் சிரித்தார்? எனக்குக் கண் நிறைந்துவிட்டது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எப்படியோ விழுங்கினேன்.

"இன்னிக்கு உப்பு சரியா இருக்குக்கா" என்றேன்.

அக்கா, "பொய்க்கும் ஒரு" என்று தொடங்கினாள். அதற்கு மேல் வரவில்லை. சாவு வீட்டில் வராத அழுகை வந்தது. சோற்றில் வைத்த கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் வாயைப் பொத்திக்கொண்டு, அந்தச் சின்ன உடம்பு குலுங்கக் குலுங்க அழுதாள். நான் கிட்டப் போகவில்லை. போனால் நானும் சேர்ந்து ஒப்பாரி வைப்பேன் என்று தெரியும். தட்டில் இருந்ததைத் தின்றுகொண்டே இருந்தேன். எனக்கு அப்போது வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

அழுது முடித்து, முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, அவளும் ஒரு வாய் எடுத்து வைத்தாள். மெதுவாக மென்றாள். நாற்காலி பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"அவரு சொல்றப்ப சிரிச்சுக்கிட்டே சொல்லுவாரு" என்றாள். "நாளைக்கு நீயும் கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே சொல்லு."

"சரிக்கா" என்றேன்.