கதவைத் திறந்தது யார் என்று கேட்டவர்

கஸ்தூரி மேடம் இறந்துபோன செய்தி மேடவாக்கம் கூட்டு ரோட்டில், ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தபோது எனக்கு வந்தது. குறுஞ்செய்தி. அலுவலகத்தில் யாரோ ஒருவர் யாருக்கோ அனுப்பி, அவர் இன்னொருவருக்கு அனுப்பி, என்னிடம் வந்து சேர்ந்தபோது மேடத்தின் பெயரில் ஓர் எழுத்து குறைந்திருந்தது. 'இதைப் பத்துப் பேருக்கு அனுப்பவும்' என்று கீழே இல்லாததால் உண்மையாக இருக்கலாம் என்று நினைத்தேன். ஆனாலும் நம்பவில்லை. அவருக்குப் பக்கத்து மேசையில் பல வருடம் உட்கார்ந்திருந்தவன், கேள்விப்பட்டதை உடனே நம்பக் கூடாது. வண்டியைத் திருப்பிக்கொண்டு சேலையூரில் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் ஷாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது நம்பினேன்.

தாம்பரத்தில் எங்கள் காப்பீட்டு அலுவலகத்தின் கிளெய்ம் பிரிவில் அவர் வேலை பார்த்தார். இழப்பீடு கேட்டு வருகிற எல்லோரையும் நம்புவது மனிதநேயம். எவரையும் நம்பாமல் இருப்பது அலுவலக நடைமுறை. மேடம் இரண்டையும் கடைப்பிடிக்கவில்லை. நேரில் போய்ப் பார்த்தார். அதனால் வாடிக்கையாளர்களுக்கும் அவரைப் பிடிக்காது, மேலதிகாரிகளுக்கும் பிடிக்காது.

மறைமலை நகரில் ஒரு கிடங்கு எரிந்த சமயம் நானும் கூடப் போயிருந்தேன். கிடங்குக்காரர் சட்டையில் கரி பூசிக்கொண்டு தயாராக நின்றார்.

"ஃபுல்லா போச்சு மேடம். மொத்த ஸ்டாக்கும்."

"எது போச்சு?"

"ரப்பர் ஷீட் மேடம். ஒண்ணு விடாம."

மேடம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிடங்கை ஒரு சுற்றுச் சுற்றினார். திரும்பி வந்து சொன்னார். "அவ்ளோ ரப்பர் எரிஞ்சா இந்தத் தெருவே கறுத்துப் போயிருக்கணும் சார். பக்கத்து வீட்டுல காயப்போட்ட வேட்டி வெள்ளையா இருக்கு."

கிடங்குக்காரர் பேச்சை நிறுத்திவிட்டு இளநீரை நீட்டினார். மேடம் அந்த இளநீரையும் உற்றுப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றார்.

இப்படிப்பட்டவர் தன் ஒரே மகள் நித்யாவின் கல்யாணத்தில் எதையும் நேரில் போய்ப் பார்க்கவில்லை. கணவர் சீக்கிரமே போய்விட்டதால், விசாரிக்கும் பொறுப்பை மேடத்தின் அண்ணன் எடுத்துக்கொண்டார். நம் பக்கத்தில் மாப்பிள்ளையை விசாரிப்பது என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியும். பையனின் அப்பா வேலை பார்த்த இடத்தில் கேட்டோம். அவர்கள் குரோம்பேட்டை வீட்டுக்கு எதிரே இஸ்திரி போடுபவரிடம் கேட்டோம். கோயில் குருக்களிடமும் கேட்டோம். எல்லோரும் தங்கமான பையன் என்றார்கள். பையன் கனடாவில் வேலை பார்த்தான். அங்கே யாரையும் கேட்கவில்லை. திருநீர்மலையில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. நான்கூட இரண்டாவது தடவை பாயசம் வாங்கிக்கொண்டேன்.

நித்யா அனுப்பிய புகைப்படங்களை அலுவலகமே கூடி நின்று பார்த்தது. கோதுமை விளையும் சமவெளி. ஒரு நேர்ச்சாலை, தானியம் சேமிக்கும் ஓர் உயரமான கட்டடம், சில வீடுகள், மிச்சமெல்லாம் பனி.

"மேடம், இது ஊரா, இல்ல ஊருக்குப் போற வழியா?" என்று கேஷியர் கேட்டார்.

"ஊர்தான் சார். தாம்பரத்துல கண்ணுக்கு எட்டின வரைக்கும் ஆளு. அங்க கண்ணுக்கு எட்டின வரைக்கும் ஒண்ணுமில்ல. அவ்ளோதான் வித்தியாசம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தப் படங்களில் ஒன்றிலும் ஒரு மனிதர்கூட இல்லை என்பதை அவர் அன்றைக்கே பார்த்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி வரும். "நல்லா இருக்கேம்மா" என்பாள். முதலில் மகிழ்ந்தார். பிறகு, குரல் எதிரொலிக்கிறது, ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறாள் என்றார். அதன் பிறகு நித்யா தொலைபேசிக்கே வரவில்லை, மாப்பிள்ளைதான் பேசினார். தூங்குகிறாள் என்பார்; குளிக்கிறாள் என்பார். மேடம் அண்ணனிடம் சொன்னார். "பொண்ணக் கட்டிக் குடுத்தாச்சு. சும்மா போன் பண்ணிக் குட்டையக் குழப்பாத" என்றார் அண்ணன். மாப்பிள்ளையின் பெற்றோரிடம் கேட்டார். அவர்கள் மகனிடம் விசாரித்து, நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். விசாவுக்கு எழுதிப்போட்டார். காத்திருக்கச் சொன்னார்கள்.

"நல்லா இருக்கேன்னு சொல்றது தகவல் இல்ல சார், மரியாதை" என்று அப்போதுதான் என்னிடம் சொன்னார். "யாராவது ஒருத்தர் அந்தக் கதவைத் தட்டிப் பார்க்கணும்."

"போலீசுக்கு எழுதலாமே மேடம்?"

"என்னன்னு எழுதறது? பொண்ணு தூங்கறான்னா?"

யார் போய்த் தட்டுவது என்பதற்கு விடை பூ வடிவத்தில் வந்தது. மேற்குத் தாம்பரத்தில் அன்வர் பாயின் பிரவுசிங் சென்டர் பலருக்கு நினைவிருக்கும். அமெரிக்காவிலிருக்கும் பிள்ளைகள் கணினி வழியாக இங்கே பெற்றோருக்குப் பூங்கொத்து அனுப்புவது அப்போது புதிதாக வந்த பழக்கம். வாங்கியவர்கள் அதைத் தலையில் வைப்பதா, சாமிக்கு வைப்பதா என்று தெரியாமல் ஃப்ரிட்ஜில் வைத்தார்கள். இங்கே வர முடிந்தால் அங்கேயும் போகுமல்லவா என்று மேடம் கேட்டார். "பூவோட வந்தவங்கள யாரும் வாசல்ல நிக்க வெச்சு அனுப்ப மாட்டாங்க சார். உள்ள கூப்பிட்டு ஒரு வாய் தண்ணி குடுப்பாங்க."

அன்வர் பாய் தேடியதில் அந்த ஊரில் ஒரே ஒரு பூக்கடை இருந்தது. அதிலேயே பரிசுப் பொருளும், பனி வாரும் மண்வெட்டியும் விற்றார்கள்.

"இன்னா பூ மேடம் போடணும்? ரோஸ் கீது, லில்லி கீது. மல்லி இல்ல."

"எது வாடாதோ அது."

"அந்தக் குளிர்ல இன்னா போட்டாலும் வாடாது மேடம், ஒடியும். எதுக்கு அனுப்புறீங்கன்னு கேக்குது பாரு. பர்த்டே, கல்யாண நாள், துக்கம்."

சந்தேகம் என்று ஒரு கட்டம் இல்லை. பிறந்தநாள் என்று போட்டோம். பிறந்தநாள் இல்லை.

மறுநாள் காலை பூக்கடையிலிருந்து பதில் வந்திருந்தது. பூ கொடுக்கப்பட்டது, நன்றி. மேடம் அதைக் கிளெய்ம் பேப்பரைப் படிப்பது போலப் படித்துவிட்டு, "பாய், கதவைத் திறந்தது யாருன்னு கேளுங்க" என்றார். கேட்டோம். கடைக்கார அம்மாள் ஹெலன் நேர்மையாக எழுதினார்: யாரும் திறக்கவில்லை, தங்கள் ஊரில் அப்படியென்றால் வாசலிலேயே வைத்துவிட்டு வருவதுதான் வழக்கம். ஜன்னல் திரை மட்டும் அசைந்ததாக இருந்தது.

பூவை வாசலில் போட்டுவிட்டு வருகிற ஓர் ஊர் இருக்கும் என்று மேடம் எதிர்பார்க்கவில்லை. நானும்தான். நம் ஊரில் எந்த வீட்டின் முன்னால் பூ தரையில் கிடக்கும் என்பது இருவருக்கும் தெரியும். பிறகு அன்வர் பாய்க்கு அவர் சொல்லச் சொல்ல ஒரு கடிதம் தட்டச்சாயிற்று. என் மகள் கையில்தான் கொடுக்க வேண்டும். பகலில், அவள் கணவன் வேலைக்குப் போன பிறகு போக வேண்டும். அவள் எப்படி இருந்தாள் என்று எனக்கு எழுத வேண்டும்.

இரண்டாவது பூங்கொத்தோடு ஹெலனே போனார். அவர் எழுதியது இது. சங்கிலி போட்ட கதவைக் கொஞ்சம் திறந்து, உண்மையிலேயே அம்மா அனுப்பியதா என்று உங்கள் மகள் கேட்டார். ஆம் என்றேன். தொட்டுப் பார்த்தார். உள்ளே கொண்டுபோனால் கேள்வி வரும், நீங்களே கடையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வீடு வெதுவெதுப்பாக இருந்தும் கழுத்து வரை மூடிய உடை போட்டிருந்தார். ஒரு கண்ணைச் சுற்றி மஞ்சளாக இருந்தது. பழைய காயம் அப்படித்தான் ஆறும். கடை எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

மேடம் படித்து முடித்தார். அழவில்லை. "இதுதான் சார் ரிப்போர்ட்" என்றார். அன்வர் பாய் எழுந்து போய் டீ வாங்கி வந்தார். அதை யாரும் குடிக்கவில்லை.

இப்போது எழுதுவதற்கு விஷயம் இருந்ததால் போலீசுக்குச் சொல்லும்படி ஹெலனுக்கு எழுதினோம். போலீஸ் போனது. கணவன் பக்கத்தில் நிற்க, நன்றாக இருக்கிறேன் என்று நித்யா சொல்லியிருக்கிறாள். திரும்பி வந்துவிட்டார்கள். விசாரணை என்பதில் அந்த நாட்டுக் காவல்துறைக்கும் கஸ்தூரி மேடத்தின் அண்ணனுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை.

மூன்றாவது பூங்கொத்துக்கு அவசியம் வரவில்லை. அது கிளம்புவதற்கு முன்பே நித்யா கடைக்கு வந்துவிட்டாள். வீட்டுக்குள் போடும் ரப்பர் செருப்போடு, பனியில், ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து வந்திருக்கிறாள். அந்த ஊரில் அவள் பெயர் தெரிந்த இடம் அது ஒன்றுதான். அம்மா எனக்குப் பூ ஏதும் அனுப்பியிருக்கிறார்களா என்று கேட்டாளாம். ஹெலன் கடையைப் பூட்டிவிட்டு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். இடது காலில், பனியில் உறைந்து செத்துப்போன விரல்களை எடுத்துவிட்டார்கள்.

அந்தக் கோடையில் நித்யா தாம்பரத்துக்குத் திரும்பிவிட்டாள். விசாரிக்க வந்தவர்களுக்குக் குறைவில்லை. நான் போயிருந்த அன்று மேடத்தின் அண்ணனும் வந்திருந்தார்.

"கோவத்துல ஒரு அடி அடிச்சிருப்பான். அதுக்குன்னு வந்துடறதா? நாலு பேர் என்ன பேசுவாங்க? அந்தப் பையன் இப்பவும் கூப்பிட்டுக்கறேன்னு சொல்றான்" என்றார் அவர்.

மேடம் உள்ளே பார்த்து, "நித்யா, இங்க வா. மாமாவுக்குக் காலைக் காட்டு" என்றார்.

"அதெல்லாம் எதுக்கு இப்ப?"

"பாருண்ணா. பார்த்துட்டு அனுப்பலாம்னு சொல்லு. அனுப்பறேன்."

நித்யா வந்து நின்று கால்மேஜோட்டைக் கழற்றினாள். அண்ணன் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தார். காபியைப் பார்த்தார். என்னைக்கூடப் பார்த்தார். பிறகு, பஸ் போய்விடும் என்று சொல்லி எழுந்து போனார். அவர் போன பிறகு மேடம் சொன்னார்: "எல்லாரும் கேக்கறாங்க சார். ஒருத்தரும் பார்க்க மாட்டேங்கறாங்க." நித்யா மேஜோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

அதன் பிறகு சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸ் என்று மேடத்துக்குக் கொஞ்ச வருடங்கள் போயின. சிகிச்சைக்கு நித்யாதான் அழைத்துப் போவாள். இருவரும் மெதுவாக நடப்பார்கள். ஆட்டோக்காரர்கள் காத்திருப்பார்கள். கடைசியாக நான் பார்த்தபோது, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "நீங்களே பாருங்க" என்றார். பார்த்தேன். நன்றாக இல்லை. அப்படியே சொன்னேன். அவருக்கு அது பிடித்திருந்தது. கொள்ளி வைத்தது நித்யா. அண்ணன் அதையும் பார்க்கவில்லை என்று கேள்விப்பட்டேன். சுடுகாட்டு வாசல் டீக்கடையில் இருந்தாராம்.

அலுவலகத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். அவருடைய கடமையுணர்வைப் பற்றி, அவர் பதவி உயர்வை நிறுத்தி வைத்தவரே பேசினார். நான் பேசவில்லை. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது பேச்சில் சொல்லக்கூடிய ஒன்றல்ல, ஒரு கெட்ட பழக்கம். முன்கூட்டிப் போன் செய்யாமல், தாம்பரம் மார்க்கெட்டில் இரண்டு முழம் கதம்பம் வாங்கிக்கொண்டு, கட்டிக் கொடுத்த பெண்களின் வீட்டுக்குப் போய் நிற்கிறேன். யாருக்கும் இது பிடிப்பதில்லை. பெரும்பாலான வீடுகளில் ஒன்றுமில்லை. பெண் வெளியே வருகிறாள், கொஞ்சம் எரிச்சலோடு காபி தருகிறாள், நான் திரும்பி வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை கதவைத் திறந்தார். அவள் கோயிலுக்குப் போயிருப்பதாகவும், வர நேரமாகும் என்றும், பூவைத் தன்னிடமே கொடுத்துவிட்டுப் போகலாம் என்றும் சொன்னார். அவளுக்கு இருப்பது ஒரே ஒரு ஜோடிச் செருப்பு. அது வாசலில் இருந்தது. பரவாயில்லை, காத்திருக்கிறேன் என்று சொல்லி, பூவை மடியில் வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்தேன்.