எனக்குப் பேர் வாங்கித் தந்த முகம்

பிரபலமாவது எப்படி என்று ஈப்போவில் வகுப்பு எடுக்கிறேன். சிரிக்காதீர்கள். விளம்பரத்தில் மணப்பெண் அலங்காரப் பயிற்சி என்றுதான் போட்டிருக்கும். ஆனால் வருகிற பெண்களில் பாதிப் பேருக்குப் புருவம் வரையக் கற்றுக்கொள்வதில் அவ்வளவு அவசரம் இல்லை. நான்காம் நாளே ஒருத்தி கையைத் தூக்கிவிடுவாள். "அக்கா, நீங்க எப்படிக்கா இவ்ளோ பேமஸ் ஆனீங்க?"

அதற்கு என்னிடம் ஒரு தயார் பதில் இருக்கிறது. தினமும் ஒரே நேரத்தில் வீடியோ போடு. சன்னலோர வெளிச்சத்தில் எடு. பார்க்கிறவர் விரல் அடுத்ததற்குத் தாவும் முன்னே அவரைப் பிடித்து நிறுத்து. உன் தொழிலைக் காட்டாதே, உன் கதையைக் காட்டு. இதையெல்லாம் வெண்பலகையில் எழுதுவேன். அவர்களும் நல்ல பிள்ளைகளாக எழுதிக்கொள்வார்கள். அந்தக் கடைசி வரியை எழுதும்போது மட்டும் எனக்குக் கை கூசும். நான் காட்டியது என் கதை இல்லை. அது என் அக்காவின் கதை. காட்டாதே என்று அவள் சொல்லியிருந்த கதை.

நாங்கள் மலேசியாவின் ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்கள். ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகு லயத்து வீடுகளைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். அப்பா அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார். அம்மா, அக்கா, நான் மூவரும் ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் ஒரு மலிவு அடுக்குமாடியின் நான்காவது மாடிக்கு வந்து சேர்ந்தோம். அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். ஐந்தாம் படிவம் முடித்த கையோடு ரப்பர் கையுறை செய்யும் கிலாங்கில், அதாவது தொழிற்சாலையில், வேலைக்குச் சேர்ந்தாள். நான் பள்ளிக்கூடம் போனதும் பசியில்லாமல் வளர்ந்ததும் அந்த வேலையால்தான்.

கிலாங்கில் சேர்ந்த வருடமே அவளுடைய உதட்டோரத்தில் ஒரு வெள்ளைத் திட்டு விழுந்தது. முதலில் மிளகு அளவுதான் இருந்தது. அடுத்த தீபாவளிக்குள் மேலுதட்டைத் தாண்டி ஏறி, வலது கண்ணைச் சுற்றியும் வந்துவிட்டது. இது ஒட்டாது, இதனால் உயிருக்கு ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். உயிரைப் பற்றி அம்மா கேட்கவே இல்லை. இனி இவளை யார் கட்டுவார்கள் என்றுதான் பேருந்து நிறுத்தத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.

அக்கா அழவில்லை. வேலை செய்யும் இடத்தில் தொப்பி, முகக்கவசம், கண்ணாடி எல்லாம் கட்டாயம். "எங்க கிலாங்குல யாருக்குமே மூஞ்சி கிடையாது லா. அதான் எனக்குப் பிடிச்சிருக்கு" என்று சிரிப்பாள். சாப்பாட்டு வேளையில் மட்டும் கவசத்தைக் கழற்ற வேண்டும். அப்போது கேண்டீனில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவாள் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

நான் அலங்காரப் பயிற்சியில் சேர்ந்தபோது பழகிப் பார்க்க எனக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. அக்கா தன் முகத்தைத் தந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் துணிகளைக் காயப்போட்டுவிட்டு வந்து, சன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை மூடி உட்காருவாள். சில சமயம் தூங்கியே போவாள். அவளுடைய நிறத்துக்குப் பொருந்தும் கலவை கண்டுபிடிக்க எனக்கு ஆறு மாதம் ஆனது. திட்டின் விளிம்பில் ஸ்பாஞ்சை இழுக்கக் கூடாது, ஒற்ற வேண்டும்; ஒற்றிவிட்டுக் காயவிட்டு மறுபடி ஒற்ற வேண்டும். அது சரியாக வந்த அன்று கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "அம்மா மாதிரி இருக்கேன்ல?" என்றாள். அந்தக் கலவையை ஒரு சின்னப் புட்டியில் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் முதல் தினமும் அவளே பூசிக்கொண்டு வேலைக்குப் போனாள். கேண்டீனில் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்ததும் அதன் பிறகுதான்.

என்னிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "மேக்கப் போட்ட பெறவு எவ்ளோ வேணும்னாலும் எடுத்துக்கோ. வெறும் மூஞ்சிய மட்டும் எடுக்காத. எனக்கு மாலுவா இருக்கு லா." மாலு என்றால் வெட்கம். திட்டின் எல்லை மாறுவதைப் பார்த்தால்தான் நான் கற்றுக்கொள்ள முடியும் என்று கெஞ்சினேன். கொஞ்சம் யோசித்து, "படிக்கிறதுக்குத்தானே? சரி, எடு" என்றாள். அப்படித்தான் அந்த முகம் என் கைப்பேசிக்குள் வந்தது.

பிறகு தொழில் தொடங்கினேன். ஈப்போவில் சந்துக்குச் சந்து ஒரு அலங்காரக்காரி இருக்கிறாள். என்னை யார் கூப்பிடுவார்கள்? மூன்று வருடம் பக்கத்து மாடிப் பெண்களுக்கும் பூப்பு நீராட்டுக்கும்தான் போய்க்கொண்டிருந்தேன். நான் போட்ட வீடியோக்களை நானும் அம்மாவும்தான் பார்த்தோம். எனக்குப் பின்னால் வந்தவள் ஒருத்தி நடிகைகளுக்குப் போடுகிறாள் என்று கேள்விப்பட்ட அன்று எனக்கு வயிறு எரிந்தது. அன்று மதியம் கைப்பேசியில் வைத்திருந்த அக்காவின் வீடியோவைத் தேடி எடுத்தேன். முன்னால் வெறும் முகம், பின்னால் அலங்கரித்த முகம். அடியில் சோகமாக ஒரு இசையைச் சேர்த்தேன்.

என் மனசாட்சிக்கு நான் சொன்ன சமாதானங்கள் நன்றாக ஞாபகம் இருக்கின்றன. கண் மூடித்தானே இருக்கிறாள். பேர் போடவில்லையே. யார் பார்க்கப் போகிறார்கள். முதலில் 'என் வாடிக்கையாளர்' என்றுதான் எழுதினேன். அது சப்பென்று இருந்தது. அழித்துவிட்டு, 'இது என் அக்கா. ஒரு நாளாவது அவளுக்கு ஒரு நல்ல முகம் தர ஆசைப்பட்டேன்' என்று எழுதினேன். எழுதிவிட்டு நானே கொஞ்சம் அழுதேன். அவ்வளவு நன்றாக இருந்தது அந்த வரி.

வீடியோவைப் போட்ட இரண்டே நாளில் கைப்பேசி சூடாகிவிட்டது. கிள்ளானிலிருந்து கூப்பிட்டார்கள், பினாங்கிலிருந்து கூப்பிட்டார்கள், ஜொகூரிலிருந்து ஒரு பெண் அழுதுகொண்டே பேசினாள். பாவம் அந்த அக்கா, தெய்வம் போல ஒரு தங்கச்சி என்று ஆயிரம் பேர் எழுதினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று மாலை அக்கா வழக்கமான பேருந்தில் வந்தாள். கேண்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கூட வேலை செய்யும் பெண் கைப்பேசியை நீட்டி, "இது நீங்கதானேக்கா?" என்று கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்தவள் நேராகச் சமையலறைக்குப் போய் முகத்தைக் கழுவினாள். துடைத்துக்கொண்டே வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"எத்தன பேரு பாத்துட்டாங்க?"

நான் அதைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். எண்ணிக்கையைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னையே அறையத் தோன்றுகிறது.

"அழிச்சிடு லா."

"அக்கா, இந்த வாரம் மட்டும்கா. ரேடியோலேர்ந்து பேசறேன்னு சொல்லிருக்காங்க. அடுத்த வாரம் எடுத்துடறேன்."

அக்கா அம்மாவைப் பார்த்தாள். "அவ பேரு வாங்கற நேரம். நீ கொஞ்சம் பொறுத்துக்கோயேன்" என்றாள் அம்மா. அக்கா என் கைப்பேசியை வாங்கி, அந்த வரியை மெல்லப் படித்தாள்.

"ஒரு நாளாவது நல்ல முகம்னு எழுதிருக்க. அப்ப மத்த நாளு நான் வச்சிருக்கறது என்னா?"

 கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். அவள் ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் அன்றைக்கே அழித்திருப்பேனோ என்னவோ. நான் அழிக்கவில்லை. அடுத்த வாரம் அழித்தபோது அதை எடுத்து யார் யாரோ போட்டுவிட்டிருந்தார்கள்.

அந்த மாதமே அக்கா கிலாங் வேலையை விட்டாள். காம்பாரில் பல்கலைக்கழகத்துப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை கிடைத்தது என்று சொல்லிவிட்டு, ஒரு பையோடு கிளம்பினாள். நான் கொடுத்த புட்டி குளியலறைத் தட்டிலேயே இருந்தது. மறந்துவிட்டாள் என்று அம்மா சொன்னாள். அவள் ஒன்றையும் மறக்கிறவள் இல்லை.

அதற்குப் பிறகு எனக்கு எல்லாம் நடந்தது. கடைத் திறப்புக்கு ரிப்பன் வெட்டினேன். பொன்னாடை போர்த்தினார்கள். எந்த மணப்பெண் என் முன்னால் உட்கார்ந்தாலும், "அந்த அக்கா எப்படி இருக்காங்க?" என்று கேட்பாள். நல்லா இருக்காங்க என்பேன். எனக்குத் தெரியாது. அம்மாவோடு மட்டும்தான் அக்கா பேசிக்கொண்டிருந்தாள். முகத்தில் திட்டு உள்ள மகள்களைக் கூட்டிக்கொண்டு தாய்மார்கள் வருவார்கள். அந்த முகங்களை ஒற்றும்போது என் விரல்கள் அக்காவைத் தேடும். அது ஒரு வலி. தொழில் நேரத்தில் அழக்கூடாது என்பதால் பொறுத்துக்கொள்வேன்.

மூன்று வருடம் கழித்து அக்காவே என்னைக் கூப்பிட்டாள்.

"எனக்குக் கல்யாணம் லா. கோயில்லதான், சின்னதா. வருவியா?"

மாப்பிள்ளை அவளுடைய கடைக்குக் காய்கறி வேன் ஓட்டிவருகிறவர், மனைவியை இழந்தவர். கல்யாணத்தன்று நல்ல முகூர்த்தம் என்பதால் எனக்கு அலங்கரிக்க ஒரு பெரிய இடத்து மணப்பெண் இருந்தாள். அதை என் மாணவி ஒருத்திக்குத் தள்ளிவிட்டு, அம்மாவையும் ஏற்றிக்கொண்டு காம்பாருக்குப் போனேன். அலங்காரப் பெட்டியை எடுத்துக்கொண்டேன். கைப்பேசியை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டேன்.

கோயிலுக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில், அரக்குப் பட்டில் அக்கா உட்கார்ந்திருந்தாள். யாரோ பூ வைத்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். முகத்தில் ஒன்றும் இல்லை. திட்டு இப்போது கன்னம் வரை வந்திருந்தது. நெற்றியில் குங்குமம், கண்ணில் கொஞ்சம் மை. அவ்வளவுதான்.

"நான் போட்டு விடட்டுமாக்கா? போன் வீட்லயே வச்சிட்டு வந்தேன்" என்றேன்.

அவளுக்குப் புரிந்தது. என் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வேணாம் லா. அவரு என்னை இப்படியேதான் பாத்திருக்காரு" என்றாள். பிறகு என் கையைப் பிடித்தாள். மூன்று வருடத்துக்குப் பிறகு. "நீ போயி முன்னால உக்காரு. தாலி கட்டறப்ப என் கண்ணுக்கு நேரா நீ இருக்கணும்."

போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். கையில் அட்சதை கொடுத்தார்கள். அக்கா மணவறைக்கு வந்து உட்கார்ந்து என்னைத் தேடிப் பார்த்துச் சிரித்தாள்.  எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

அப்போதுதான் என் தோளை யாரோ தொட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுச் சொந்தத்தில் இரண்டு பெண்கள்.

"அக்கா, நீங்க அந்த மேக்கப் அக்காதானே? அப்ப பொண்ணு... அந்த வீடியோல வந்தவங்களா? ஐயோ! அவங்க பின்னால தெரியற மாதிரி ஒரு செல்பி எடுத்துக்கலாமாக்கா?"

ஒருத்தியின் கைப்பேசி அதற்குள் மேலே வந்துவிட்டது. அக்காவின் வெறும் முகம் அந்தச் சின்னத் திரைக்குள் விழுந்துகொண்டிருந்தது. சத்தம் போட்டால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பிடுங்கினால் ரகளையாகும். எனக்குத் தெரிந்தது என் தொழில்தான்.

"இங்க லைட்டு சரியில்ல லா. மூஞ்சி கறுப்பா விழும். வெளிய வாங்க, நல்லா எடுக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே எழுந்தேன். ஆளுக்கொரு தோளில் கையைப் போட்டு, செருப்புகள் கிடந்த வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். ஒன்று எடுத்தார்கள். கண்ணை மூடிவிட்டேன் என்று இன்னொன்று எடுத்தார்கள். தோழிக்கு ஒரு வணக்கம் சொல்லுங்கள் என்று வீடியோ கேட்டார்கள். அதையும் சொல்லிக்கொண்டிருந்தபோது உள்ளே கெட்டிமேளம் கொட்டியது.

ஓடிவந்தேன். மூன்று முடிச்சும் விழுந்து முடிந்திருந்தது. சனம் அட்சதை போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டிருந்தது. என் நாற்காலி காலியாகக் கிடந்தது. அக்கா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எல்லோரையும் போல வரிசையில் நின்று மணவறைக்கு ஏறினேன். அக்காவின் கழுத்தில் மஞ்சள் கயிறு ஈரமாக இருந்தது.

"அந்தப் பிள்ளைங்களோட படம் எடுக்கப் போனதப் பாத்தேன்" என்றாள். குரலில் கோபம் துளிகூட இல்லை. "பரவால்ல லா. பேமஸ் ஆளுன்னா அப்படித்தான் இருக்கும்."

நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொன்னால், அந்த வீடியோ இங்கேயும் வந்துவிட்டது, உன் புகுந்த வீட்டுக்காரர்களும் அதைப் பார்த்திருக்கிறார்கள் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். தாலி ஏறிக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

"ஆமாக்கா, எங்க போனாலும் விட மாட்டேங்கறாங்க" என்றேன். அக்கா தலையை ஆட்டிவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவர்களைப் பார்த்து வாங்க என்று சிரித்தாள்.