செல்வியின் சங்கிலியும் ஒரு சினிமாவும்

பொன்வேலைக்காரனுக்கு ஆகாத ஆளுங்க ரெண்டு பேரு: நாளைக்கு முகூர்த்தம்னு இன்னைக்கு வந்து நிக்கிற பொண்ணோட அப்பா, விலங்கோட வந்து நிக்கிற திருடன். முதல் ஆளை எப்படியாவது சமாளிச்சிடலாம். ரெண்டாவது ஆள் வந்த கதையைத்தான் சொல்லப்போறேன். உலைக்கு முன்னால உட்கார்ந்தே இடுப்பு செத்துப்போன சக பாவிகளே, உங்களுக்கு இது புதுசா இருக்காது.

கை நீட்டுற சடங்கு

மட்டாஞ்சேரியில எங்க பட்டறைச் சந்துக்குள்ள போலீஸ் ஜீப் நுழைஞ்சா எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்குவோம். களவுப் பொன்னை எவன்கிட்ட வித்தேன்னு கேட்டு, அடிச்சு ஒரு திருடனைக் கூட்டிட்டு வந்திருப்பாங்க. அவன் வித்தது எங்கேயோ இருக்கும். அடி தாங்காம, கண்ணுல படுற ஆசாரியைக் கை காட்டிடுவான்.

அன்னைக்கு அவன் காட்டினது என் பக்கத்துப் பட்டறை முருகேசனை. என்கூடவே தென்காசிப் பக்கமிருந்து மலையாளக் கரைக்குப் பிழைக்க வந்தவன். பழைய நகை கொண்டு வர்றவங்ககிட்ட பில் எங்கேன்னு சண்டை போட்டே பாதி கிராக்கியை விரட்டின மகராசன்! ஜீப்புல ஏறும்போது என்னைப் பார்த்துச் சிரிச்சான். "வாங்கினவனுக்குத்தானே அண்ணே பயம்? சாயா ஆறுறதுக்குள்ள வந்திருவேன்."

கட்டியா வேணும்

மறுநாள்தான் வந்தான், கூட ஒரு போலீஸ்காரனோட. நடக்கவே முடியல. காணாமப்போன அளவுக்குப் பொன் கொடுத்தா கேஸ் இல்லைன்னு இன்ஸ்பெக்டர் சொல்லியிருக்கான். எங்க ஆளுங்க வழக்கமும் அதுதானே? எதையாவது கொடுத்துட்டு உசிரோட வெளியே வரணும்; நியாயம் பேசுனா முதுகு தாங்காது. அவன் பெண்டாட்டி செல்வி, கழுத்துல கிடந்த சங்கிலியைக் கழட்டிக் கொடுத்தா. அவங்க கல்யாணத்துக்கு முருகேசனே தன் கையால செஞ்ச சங்கிலி.

சங்கிலியாக் கொடுத்தா செல்லாதாம். திருட்டு நகையை உருக்கின மாதிரி கட்டியா வேணுமாம். செல்வி வாசல்ல நிக்க, முருகேசன் அதைப் பொன் உருக்குற மூசையில போட்டு ஊதுகுழலை எடுத்தான். நான் பார்க்க முடியாம முகத்தைத் திருப்பிக்கிட்டேன். கட்டி கைக்குப் போனதும் கேஸ் எழுதிட்டாங்க, சண்டாளனுங்க. நான் எதையும் வாங்கலை சார்னு காலைப் பிடிச்சவன்கிட்ட இன்ஸ்பெக்டர் கேட்டானாம்: "வாங்காதவன் பின்ன எதுக்குடா பொன்னு கொண்டுவந்து தந்தே?"

காக்கநாட்டுத் தம்பி

ஜாமீன்ல வந்தவனை நம்பி ஒருத்தரும் பொன் கொடுக்கலை. நகை செய்த கையால பிராட்வே சந்தையில மூட்டை தூக்கினான். கேஸ் முடியுறதுக்கு முன்னாடி நெஞ்சுவலி வந்து அவன் முடிஞ்சுட்டான். அதுக்கப்புறந்தான் அந்த இன்ஸ்பெக்டரோட வண்டவாளம் வெளியே வந்துச்சு. மீட்ட பொன்னுல பாதியை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கான். அவனையும் பிடிச்சு உள்ளே போட்டாங்க.

அதைப் படமா எடுக்கணும்னு ஒரு டைரக்டர் தம்பி வந்தான். காக்கநாட்டுல கம்ப்யூட்டர் வேலையை விட்டுட்டு சினிமாவுக்கு வந்த பையன். நடிகருக்கு ஊதுகுழல் பிடிக்கச் சொல்லித்தரணும்னு என்கிட்ட கேட்டான். முருகேசன் களவுப் பொன் வாங்கலைன்னு படத்துல ஒரு வார்த்தை வந்தாப் போதும்னு செல்வி சாமிக்கெல்லாம் நேர்ந்துக்கிட்டா. நான் நடந்ததெல்லாம் சொன்னேன். கேட்டுக்கிட்டிருந்த தம்பிக்குக் கண் கலங்கிடுச்சு, பொய் சொல்லக்கூடாது. மூக்கைத் துடைச்சுக்கிட்டு, "புரியுது சேட்டா. ஆனா கேஸ் பேப்பர்ல அவர் வாங்கினதாத்தானே இருக்கு?"ன்னான்.

இடப்பள்ளியில படம்

இடப்பள்ளி மால்ல படம் பார்க்க செல்வியையும் கூட்டிட்டுப் போனோம், நானும் என் பெண்டாட்டியும். வேண்டாம்மான்னு சொல்லியும் கேக்கலை. படத்துல இன்ஸ்பெக்டரோட அக்கிரமத்தை ஒண்ணு விடாம காட்டினாங்க. அவன் கையில விலங்கு மாட்டினப்போ சனம் எந்திரிச்சுக் கை தட்டிச்சு, நானும் தட்டினேன்.

ஆனா அதுக்கு முன்னாடியே ஆசாரி வர்ற சீன் வந்துடுச்சு. திருடன்கிட்ட வாங்கின சங்கிலியை அவன் மூசையில போடுறான், கதவைச் சாத்துறான், நான் சொல்லிக்கொடுத்தபடியே ஊதுறான். பின்னால ஒருத்தன் கள்ளன்னு கத்தினான். படம் முடிஞ்சு விளக்கு போட்டு எல்லாரும் எந்திரிச்சுப் போனப்புறமும் செல்வி உட்கார்ந்தே இருந்தா. போலாமாம்மான்னு கேட்டேன். திரையைப் பார்த்தபடியே சொன்னா: "அவர் அழுதுக்கிட்டே ஊதினாரு அண்ணே. இந்த ஆளு சிரிச்சுக்கிட்டே ஊதுறான்."

நல்ல படம்தான், ஊரெல்லாம் கொண்டாடி ஓடிச்சு. எங்க பட்டறைச் சந்துல மட்டும் அதை ரெண்டாவது தடவை பார்க்க யாரும் போகலை.