அக்காவின் நீல விரல்கள்

பிள்ளைகளே, என் மகளின் கல்யாண வரவேற்புக்குப் பூங்கொத்துக்குச் சொல்லிவைக்க விருதுநகரில் ஒரு பூக்கடைக்குப் போனோம். என் அக்காவும் வந்திருந்தாள். நீலப் பூதான் வேண்டும் என்றாள் மகள். கடைக்காரர் வெள்ளைச் சாமந்தியை நீலச் சாயத்தில் முக்கிக் காட்டினார்.

"எப்படி இருக்கு அத்தை?" என்று மகள் அதை நீட்டினாள். வாங்கிய அக்காவின் விரல்களில் நீலம் ஒட்டிக்கொண்டது.

அவள் விரல்களில் இதே நீலத்தை முன்பு பார்த்தபோது எனக்கு எட்டு வயது. விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அக்கா குழாய்களுக்கு நீலத்தாள் ஒட்டினாள். பசை பட்டால் தாள் சாயம் விடும். புளி போட்டுத் தேய்த்தாலும் விரலை விட்டுப் போகாது. அவளைப் பெண் பார்க்க ஒரு விவசாயக் குடும்பம் வந்தது. கம்பெனிக்குப் போகிற பெண் வேண்டாம் என்று அவர்கள் முன்பே சொல்லியிருந்ததால், அம்மா வேலையை மறைத்துவிட்டாள்.

காப்பி கொடுக்கும்போது மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்: "கையில என்னத்தா நீலமா இருக்கு?"

"சாமிக்குச் சங்குப்பூ பறிச்சேன் அத்தை" என்றாள் அக்கா.

"பொய்! அது கம்பெனிச் சாயம்!" என்று நான் கத்தினேன். உண்மை சொன்னதற்கு எல்லோரும் மெச்சுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் காப்பியைத் தொடாமலே எழுந்து போனார்கள்.

"ஏலே, ஒன்னய யாருலே கேட்டா?" என்று அம்மா என் முதுகில் அறைந்தாள். மறுநாளும் அக்கா கம்பெனி வேனில் ஏறினாள். முப்பது வருடம் ஏறினாள். வேறு மாப்பிள்ளை வரவில்லை.

"நல்லாருக்குத்தா" என்று மகளிடம் பூவைத் திருப்பிக் கொடுத்த அக்கா, கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அந்தக் கடையில் அவளைப் பெண் பார்க்க யாரும் வந்திருக்கவில்லை.